கர்ர் என்று கத்தும் ஃபிளாப்பி: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

"இன்னுமா ஃபிளாப்பி வைத்திருக்கிறீர்கள்?" என்று சிரிப்பவர்களைத் திருப்பூரில் ஏதாவது ஒரு பழைய எம்பிராய்டரி யூனிட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் இறக்குமதியான பல ஹெட் மெஷின் அங்கே இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும்போது பல லட்சம். ஊசி சரியாக இறங்குகிறது, நூல் அறுவதில்லை, ஆர்டர் முடிகிறது. டிசைனை உள்ளே ஏற்றுவதற்கு அதில் இருக்கும் ஒரே வாசல் மூன்றரை அங்குல ஃபிளாப்பி டிரைவ். ஒரு டிஸ்க் படிக்கவில்லை என்பதற்காக அந்த மெஷினை எடைக்குப் போட முடியுமா?

இடம் போதாது என்ற பேச்சும் இங்கே எடுபடாது. எம்பிராய்டரி டிசைனைச் சேமிக்கும் டிஎஸ்டி கோப்பில் தலைப்புக்கு 512 பைட், அப்புறம் ஒரு தையலுக்கு 3 பைட், அவ்வளவுதான். பத்தாயிரம் தையல் உள்ள லோகோ ஒன்று சுமார் 30 கேபி. அப்படிப்பட்ட டிசைன்கள் ஒரே ஃபிளாப்பியில் நாற்பதுக்கும் மேல் அடங்கும். இந்த வேலைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

உலகத்திலும் நாம் தனியாக இல்லை. போயிங் 747-400 விமானங்களுக்கு வழிகாட்டும் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மூன்றரை அங்குல டிஸ்க்கில்தான் ஏற்றப்பட்டு வந்தது. அமெரிக்க அணு ஆயுதப் படைகளுக்கு ஆணை அனுப்பும் அமைப்பு 2019 வரைக்கும் எட்டு அங்குல ஃபிளாப்பியை நம்பியிருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு 1998-இல் வந்தது. அதற்குத் தினமும் காலையில் ஃபிளாப்பியிலிருந்துதான் மென்பொருள் ஏற்றினார்கள். ஜப்பானில் அரசு அலுவலகங்களுக்கு ஃபிளாப்பியில் ஆவணம் தரச் சொன்ன விதிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அவற்றை ஒழிப்பதாக டிஜிட்டல் அமைச்சர் டாரோ கோனோ 2022-இல் போர் அறிவித்தார். 2024 ஜூன் கடைசியில்தான் அது முடிந்தது.

தேவை போகவில்லை, சரக்குதான் போய்விட்டது. 1981-இல் மூன்றரை அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்த சோனியே 2011 மார்ச்சில் ஜப்பானில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஆப்பிளின் ஐமேக் 1998-லேயே ஃபிளாப்பி டிரைவ் இல்லாமல் வந்தது. ஆகவே இன்று கடையில் "புதுசு, சீல் பிரிக்காதது" என்று தரும் பெட்டியும் பல வருடம் கிடங்கில் கிடந்த பழைய சரக்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாகப் புரியும்.

முன்குறிப்பு ஒன்று. ஹெட் என்றால் எம்பிராய்டரிக்காரர்களுக்கு ஊசி இருக்கும் தலை. இங்கே நான் ஹெட் என்று எழுதுவதெல்லாம் டிரைவுக்குள் டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் சின்னத் தலையை. தொட்டு என்பதைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் காற்றில் மிதக்கும். ஃபிளாப்பியில் அது டிஸ்க்கின் மேலேயே உட்கார்ந்து உரசும். டிஸ்க் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. ஆகவே தூசி, பூஞ்சை, எண்ணெய் எதுவாக இருந்தாலும் முதல் அடி ஹெட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில்தான் விழும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

டிஸ்க்கின் மூலையில் இருக்கும் சின்னக் கட்டையை நகர்த்தி, துளை திறந்து தெரியும்படி வையுங்கள். துளை வழியே வெளிச்சம் தெரிந்தால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். நமக்கு இப்போது அதுதான் வேண்டும். (ஐந்தேகால் அங்குல டிஸ்க்கில் இது தலைகீழ்: பக்கத்து வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு. எட்டு அங்குலத்தில் மறுபடியும் தலைகீழ்: மூடினால்தான் எழுதவே முடியும். யார் யோசித்து வைத்தார்களோ!)

அடுத்து, உலோகக் கதவை விரலால் நகர்த்தி உள்ளே பாருங்கள். பழுப்பு கலந்த கறுப்பில் பளபளப்பாக, சீராக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி, சாம்பல் படலம், வட்டமான கீறல் எதுவும் இருக்கக் கூடாது. பின்பக்கம் நடுவில் உள்ள உலோகத் தட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றி முழு வட்டத்தையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் டிரைவில் தள்ளி, டிஸ்க்கோடு டிரைவையும் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். ஒரு காலத்தில் நானும் அதில் சேர்த்தி.

"ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கம்ப்யூட்டர் கேட்கிறது

என்னிடம் வரும் அழைப்புகளில் பாதி இதுதான். "ஏனுங்க, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குதுங்க, பண்ணிரட்டுங்களா?" இப்படிக் கேட்பவர் புண்ணியவான். "பண்ணிப்போட்டனுங்க, இப்ப ஒண்ணுமே இல்லீங்க" என்று வருபவருக்கு நான் செய்ய ஒன்றும் இல்லை. வேண்டாம் என்பதை அழுத்துங்கள். எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம்.

இந்தக் கேள்விக்கு டிஸ்க் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. முதல் செக்டரில் (தரவு எழுதப்படும் சின்னத் துண்டில்) தனக்குத் தெரிந்த அமைப்பு இல்லை என்று மட்டுமே கம்ப்யூட்டர் சொல்கிறது. அதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, அது டாஸ் முறையில், அதாவது விண்டோஸுக்குத் தெரிந்த முறையில், எழுதிய டிஸ்க்கே அல்ல. பழைய எம்பிராய்டரி மெஷின்கள் சிலவும், சாம்ப்ளர்கள் (ஒலியைப் பதிந்து வாசிக்கும் இசைக்கருவிகள்) பலவும் தமக்கென்று ஒரு ஃபார்மேட் வைத்திருக்கும். மெஷினில் போட்டால் டிசைன் பட்டியல் அழகாக வரும், விண்டோஸில் போட்டால் ஃபார்மேட் கேட்கும். டிஸ்க் நலமாக இருக்கிறது, பாஷைதான் வேறு. பஞ்சிங் (படத்தைத் தையலாக மாற்றும்) மென்பொருள்கள் சில இந்த ஃபார்மேட்டுகளை நேரடியாகப் படிக்கும். பஞ்சிங் செய்பவரிடம் முதலில் கேளுங்கள்.

இரண்டு, அடர்த்திக் குழப்பம். மூன்றரை அங்குலத்தில் 720 கேபி, 1.44 எம்பி என்று இரண்டு வகை. 1.44 டிஸ்க்கில் எழுத்துப் பாதுகாப்புத் துளைக்கு எதிர்ப்பக்க மூலையில் இன்னொரு துளை இருக்கும். 720-இல் இருக்காது. டிரைவ் அந்தத் துளையைத் தடவிப் பார்த்துத்தான் எந்த வகை என்று முடிவு செய்கிறது. சில பழைய மெஷின்களில் துளை உணரும் பொத்தானே கிடையாது. அவை 1.44 டிஸ்க்கிலும் 720 முறையில் எழுதிவிடும். அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் டிரைவ் துளையைப் பார்த்து "1.44" என்று நினைத்துத் தேடும், எதுவும் கிடைக்காது, ஃபார்மேட் கேட்கும். இதற்கு மருந்து மிகச் சின்னது: அந்தக் கூடுதல் துளையை ஒளி புகாத டேப் துண்டால் இரண்டு பக்கமும் ஒட்டி மூடிவிட்டு மறுபடி போடுங்கள். டேப் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, டிரைவுக்குள் சிக்கிக்கொள்ளும்.

மூன்று, முதல் டிராக்கே (செக்டர்கள் வரிசையாக இருக்கும் வட்டப் பாதை) கெட்டுப்போயிருக்கலாம். பட்டியலும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஃபேட் அட்டவணையும் டிஸ்க்கின் வெளி ஓரத்து டிராக்குகளில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஹெட் அங்கேதான் போய் உரசும். அதிகம் தேய்வதும் அங்கேதான். கோப்புகள் உள்ளே பத்திரமாக இருந்து, வாசற்கதவு மட்டும் இடிந்துபோன நிலை இது. அட்டவணைக்கு டிஸ்க்கிலேயே இரண்டு பிரதி உண்டு, ஆகவே நம்பிக்கை இழக்க வேண்டாம். ஆனால் டிஸ்க்கில் நேரடியாகப் பழுது பார்க்காதீர்கள். முதலில் இமேஜ் (முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பு) எடுங்கள், பழுது பார்ப்பதை இமேஜில் வைத்துக்கொள்ளலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

கர்ர், கீச், உரசல் சத்தம்

டிரைவ் 'டக் டக்' என்று நகர்வது இயல்பு. வாசிக்கும்போது முனகுவதும் இயல்பு. வண்டிச் சக்கரத்தில் மணல் சிக்கியதுபோல் கரகரவென்றோ, விசில் போலக் கீச்சென்றோ கேட்டால் அந்த நொடியே டிஸ்க்கை வெளியே எடுங்கள். இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்ற எண்ணம் வேண்டாம். ஹெட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அது டிஸ்க்கின் காந்தப் பூச்சைச் சுரண்டுகிறது.

நம் ஊரில் இதற்கு இரண்டு காரணம். முதலாவது பூஞ்சை. மழைக்காலத்தில் பீரோ அடித்தட்டில் கிடந்த டிஸ்க்கில் வெள்ளைப் படலமாகத் தெரியும். இரண்டாவது பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும். எம்பிராய்டரி ஷெட்டில் நூல் பறக்கும். அது டிரைவின் வாய் வழியே உள்ளே போய் எண்ணெய்ப் பசையோடு ஹெட்டில் படியும். முன்கதவு உடைந்த டிரைவ் என்றால் கேட்கவே வேண்டாம்.

டிரைவைக் கழற்றி மேல்தகட்டை எடுங்கள். மேல் ஹெட் ஒரு மெல்லிய கையின் முனையில் இருக்கும். அதைப் பஞ்சுக் குச்சி நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். நன்றாகத் தூக்கிவிட்டால் அதைத் தாங்கும் மெல்லிய தகடு வளைந்துவிடும், அப்புறம் அந்த டிரைவ் எதையும் சரியாகப் படிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் இரண்டு ஹெட்டையும் மெதுவாகத் துடையுங்கள். குச்சியில் பழுப்பாக வந்தால் அது ஏதோ ஒரு டிஸ்க்கின் உயிர். சுத்தமாக வரும்வரை புதுக் குச்சியால் துடைத்து, காயவிட்டு, வேண்டாத ஒரு டிஸ்க்கைப் போட்டுச் சோதியுங்கள். வாடிக்கையாளரின் டிஸ்க்கில் சோதனை செய்யாதீர்கள்.

பூஞ்சை பிடித்த டிஸ்க்கையும் அதே முறையில், கதவைத் திறந்து தட்டைச் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் துடைக்கலாம். மிக முக்கியமான டிஸ்க் என்றால் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டை எடுத்துச் சுத்தம் செய்து, நல்ல உறை ஒன்றுக்குள் மாற்றிப் படிக்க வேண்டும். பொறுமையும் நடுங்காத கையும் வேண்டும், ஆனால் முடியும். ஒன்று மறக்க வேண்டாம்: பூஞ்சை டிஸ்க்கைப் படித்த டிரைவில் அடுத்த டிஸ்க்கைப் போடுமுன் ஹெட்டை மறுபடி துடைக்க வேண்டும். ஒரே நாளில் பத்து டிஸ்க் கெட்டது என்று வருபவர்கள் கதையில் பெரும்பாலும் முதல் டிஸ்க்தான் குற்றவாளி, மற்ற ஒன்பதும் அதன் பிறகு அதே டிரைவில் போடப்பட்டவை.

கம்ப்யூட்டரில் எழுதினேன், மெஷினில் வரவில்லை

முதலில் பெயரைப் பாருங்கள். பழைய மெஷினுக்கு எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து, இவ்வளவுதான் தெரியும். புது டிசைன், பாக்கெட் லோகோ, இரண்டாவது திருத்தம் என்று நீளமாகப் பெயர் வைத்தால் விண்டோஸ் அந்தப் பெயரைத் துண்டு துண்டாக்கிப் பட்டியலில் கூடுதல் இடங்களில் எழுதி வைக்கும். மெஷின் அதைப் பார்த்து விழிக்கும், சில சமயம் பட்டியலே காட்டாது. போல்டருக்குள் போட்டிருந்தாலும் பல மெஷின்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வெளியே, சின்னப் பெயரில் வையுங்கள்.

பெயர் சரி என்றால் அடர்த்தி. உங்கள் மெஷின் 720 மட்டும் எடுக்கும் வகையா என்று கையேட்டில் பாருங்கள். 2டிடி என்று போட்டிருந்தால் 720, 2ஹெச்டி என்றால் 1.44. 2டிடி டிஸ்க் இப்போது கிடைப்பது அபூர்வம் என்பதால் 1.44 டிஸ்க்கின் துளையை மூடி 720 ஆக ஃபார்மேட் செய்து ஓட்டுகிறோம். அவசரத்துக்கு ஓடும். ஆனால் இரண்டின் காந்தப் பூச்சும் ஒன்றல்ல, ஆகவே அதில் ஒரே பிரதியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வைத்து விண்டோஸின் ஜன்னலில் ஃபார்மேட் போனால் பெரும்பாலும் 1.44 மட்டுமே காட்டும். கட்டளை வரியில் 80 டிராக், 9 செக்டர் என்று சொல்லி ஃபார்மேட் கொடுத்தால் 720 ஆகும். லினக்ஸில் யூஎஸ்பி ஃபிளாப்பிக்கென்றே யூஎஃப்ஐஃபார்மேட் என்ற கருவி இருக்கிறது. வெறும் கோப்பு முறைமையை மட்டும் எழுதும் கட்டளை போதாது, டிராக்குகளையே புதிதாகப் போட வேண்டும். குவிக் ஃபார்மேட் செய்து ஏமாறுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

பெயரும் சரி, அடர்த்தியும் சரி, இன்னும் வரவில்லை என்றால் சிக்கல் டிரைவுகளுக்கு இடையில். மூன்றரை அங்குல டிஸ்க்கில் ஒரு டிராக்கிலிருந்து அடுத்த டிராக்குக்கு 0.19 மில்லிமீட்டர்கூட இல்லை. மெஷினின் டிரைவ் இருபது வருட அதிர்வில் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால், தான் எழுதியதைத் தானே அழகாகப் படிக்கும். வெளியிலிருந்து வருவதைப் படிக்காது, அது எழுதியதை வெளியே யாரும் படிக்கவும் முடியாது. சோதிப்பது எளிது: மெஷினிலேயே ஒரு டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, ஒரு டிசைனை எழுதி, மெஷினிலேயே படியுங்கள். படித்தால் டிரைவ் சாகவில்லை, ஹெட் நகர்ந்திருக்கிறது.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. தள்ளிப்போன டிரைவைத் திருகி நேராக்கவோ, தூக்கிப் போடவோ செய்யுமுன், அது எழுதிய டிஸ்க்குகள் எல்லாவற்றையும் அதே டிரைவை வைத்துப் படித்து எடுத்துவிடுங்கள். அந்தக் கோணலான எழுத்தைப் படிக்க உலகத்தில் அந்த ஒரு கோணல் டிரைவ்தான் உண்டு. ஒரு யூனிட்டில் நான் போவதற்கு முன்னால் இதைச் சொல்ல ஆள் இல்லை. புது டிரைவ் மாட்டியாயிற்று, பழையது குப்பைக்குப் போயாயிற்று, பத்து வருட டிசைன் பெட்டி அப்படியே பூட்டிக்கொண்டது.

டிஸ்க்கை மாற்றினேன், பழைய டிஸ்க்கின் பட்டியலே வருகிறது

பார்க்கப் பேய் பிடித்ததுபோல் இருக்கும். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டாலும் முதல் டிஸ்க்கின் பெயர்களே வரும், திறந்தால் குப்பை வரும். கேபிளில் 34-வது கம்பி "டிஸ்க் மாறிவிட்டது" என்று சொல்லும் கம்பி. அது அறுந்திருந்தால், அல்லது டிரைவின் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் குட்டிச் செருகி) வேறு சமிக்ஞைக்கு வைக்கப்பட்டிருந்தால், கேபிளின் மறுமுனையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கோ மெஷினுக்கோ டிஸ்க் மாறியதே தெரியாது. நினைவில் இருக்கும் பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருக்கும்.

சத்தம் இல்லாத தவறுகளில் மிக ஆபத்தானது இது. இந்த நிலையில் எதையாவது சேமித்தால், முதல் டிஸ்க்கின் அட்டவணை இரண்டாவது டிஸ்க்கின் மேல் எழுதப்படும். இரண்டாவது டிஸ்க் போனது போனதுதான். உடனே நிறுத்துங்கள், கேபிளை மாற்றுங்கள், அப்புறம் பேசலாம்.

விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது

கேபிளைத் திருப்பிச் செருகியிருக்கிறீர்கள். சிவப்புக் கோடு உள்ள ஓரம் 1-வது பின் பக்கம் வர வேண்டும். திருப்பிச் செருகி டிஸ்க்கைப் போட்டு ஆன் செய்தால் டிஸ்க்கில் உள்ளது அழியவும் கூடும், ஆகவே கேபிள் வேலை நடக்கும்போது டிஸ்க் உள்ளே இருக்கக் கூடாது. மின் இணைப்பின் நாலு பின் பிளக்கிலும் கவனம் வேண்டும். அதில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒரு பின் தள்ளிச் செருகினால் புகை வாசனைதான் வரும்.

மோட்டார் ஓடுகிறது, டிஸ்க் சுற்றவில்லை

பழைய கீபோர்டு, சாம்ப்ளர்களில் பார்ப்பது. சில டிரைவுகளில் மோட்டாரிலிருந்து ரப்பர் பெல்ட் வழியாகத்தான் சுழற்சி போகும். முப்பது வருடத்தில் அந்த ரப்பர் தார்போல உருகி ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுத்து, ஆல்கஹாலில் துடைத்து, அதே அளவு பெல்ட் போட்டால் பிழைத்துக்கொள்ளும். மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டிஸ்க் பெட்டியை ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம்.

டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டது

உலோகக் கதவு வளைந்து ஹெட்டில் கொக்கி போட்டிருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் டிஸ்க்கோடு ஹெட்டும் கையோடு வரும். மேல்தகட்டைக் கழற்றி, கதவை மெல்லிய தட்டையான எதையாவது வைத்து அமுக்கிக்கொண்டு வெளியே தள்ளுங்கள். கதவு தளர்ந்த டிஸ்க் என்றால் படிப்பதற்குமுன் கதவையே பிடுங்கிவிடலாம். ஒருமுறை படித்து எடுக்க அது தேவையில்லை.

பாதி வரை படித்து நின்றுவிடுகிறது

இமேஜ் எடுக்கும் இடம் இதுதான். 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட்: பெருக்கினால் 14,74,560 பைட். அதில் ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் விண்டோஸ் முழுக் கோப்பையும் கைவிட்டுவிடும். ஒரு செக்டர் போனால் டிசைனில் 170 தையல் போகும். அதைப் பஞ்சிங் செய்பவர் கண்ணால் பார்த்தே சரி செய்துவிடுவார். முழு டிசைனையும் இழக்க வேண்டியதில்லை.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்காகவே செய்ததுபோல் இருக்கும். நல்ல செக்டர்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிப்பவற்றைத் திரும்பத் திரும்ப முயலும். எதுவரை எடுத்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அதன் அருமை என்னவென்றால், ஒரு டிரைவில் எடுத்துவிட்டு, டிஸ்க்கைத் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் டிரைவ் படிக்காத செக்டரை இரண்டாவது படிக்கும். நான் மூன்று யூஎஸ்பி டிரைவ் வைத்திருப்பது இதற்குத்தான். ஒரு டிஸ்க்கை மூன்றிலும் சுற்றிவிட்டால் மிச்சம் வைப்பது அபூர்வம்.

ஆனால் யூஎஸ்பி டிரைவுக்கு ஓர் எல்லை உண்டு. மூன்றரை அங்குலம், டாஸ் அமைப்பு, அதைத் தாண்டினால் கையை விரித்துவிடும். ஐந்தேகால் அங்குலம், அமிகா என்ற பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க், பழைய மேக்கின் 800 கேபி டிஸ்க், மெஷினின் சொந்த ஃபார்மேட் எல்லாம் அதன் வேலை அல்ல. அவற்றுக்கு கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை இருக்கிறது. ஒரு முனையில் 34 பின் பழைய டிரைவ், மறுமுனையில் யூஎஸ்பி. டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்காமல், காந்தம் எந்தெந்த நொடியில் திசை மாறுகிறது என்பதை அப்படியே பதிவு செய்து தந்துவிடும். அர்த்தம் கண்டுபிடிப்பதைப் பிறகு கம்ப்யூட்டரில் சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் 34 பின் இணைப்பைத் தேடி அலைய வேண்டாம். புதுப் பலகைகளில் கிடையாது. லினக்ஸ் பக்கமும் அந்தப் பழைய இணைப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் 2019-இல் பராமரிப்பாளர் இல்லாத அநாதை ஆனது. ஓடும் உண்மையான வன்பொருள் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது குறித்திருந்தார். யூஎஸ்பி ஃபிளாப்பிகள் வேறு வழியாகப் போவதால் அவற்றுக்கு இதனால் பாதிப்பில்லை.

காலையில் ஆன் செய்தால் "சிஸ்டம் டிஸ்க் போடு" என்கிறது

மெஷினுக்குள் நினைவைக் காக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. இத்தனை வருடமாக மென்பொருளை அந்தப் பேட்டரி பிடித்துவைத்திருந்ததால் சிஸ்டம் டிஸ்க் என்று ஒன்று இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். கையேட்டின் கடைசி அட்டைப் பையில், கன்ட்ரோல் பெட்டியின் கதவுக்குப் பின்னால், பழைய மேனேஜரின் மேஜையில் தேடுங்கள். கிடைத்ததும் ஆசையாக மெஷினில் செருகாதீர்கள். மேலே சொன்னபடி பூட்டி, பார்த்து, துடைத்து, இமேஜ் எடுத்து, பிரதி ஒன்று எழுதி, பிரதியை மெஷினில் போடுங்கள். பிரதி எழுதும் டிஸ்க்கை முதலில் முழு ஃபார்மேட் செய்யுங்கள். கெட்ட செக்டர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்க்கை டம்ளர் வைக்கப் பயன்படுத்துங்கள். இன்றைக்கு மெஷின் டிஸ்க் கேட்கவில்லை என்றாலும் அதைத் தேடி எடுத்து வைப்பது நல்லது.

கோடெக் மாட்டினேன், மெஷின் கண்டுகொள்ளவில்லை

ஃபிளாப்பி டிரைவின் இடத்தில் உட்கார்ந்து, பென்டிரைவை ஃபிளாப்பிபோல் நடிக்க வைக்கும் பெட்டிதான் கோடெக். எம்பிராய்டரி யூனிட்டுகளுக்கு நான் கடைசியில் சொல்லும் தீர்வும் இதுதான். மாட்டியதும் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் நாலில் ஒன்று.

முதலில், வாங்கும்போதே 720 மாடல், 1.44 மாடல் என்று தனித்தனி உண்டு. மெஷினுக்கு எது என்று பழைய டிரைவின் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும். அடுத்தது ஜம்பர். பின்பக்கம் எஸ்0, எஸ்1 என்று இருக்கும். முறுக்கு உள்ள கேபிள் என்றால் பெரும்பாலும் எஸ்1, நேர் கேபிள் என்றால் பெரும்பாலும் எஸ்0. நிச்சயம் இல்லையென்றால் பழைய டிரைவின் ஜம்பர் எப்படி இருந்ததோ அப்படி. கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்த யோசனையே தேவைப்படாது. மூன்றாவது, சில மெஷின்கள் 34-வது கம்பியில் "தயார்" என்ற சமிக்ஞையை எதிர்பார்க்கும், கோடெக் அதில் "மாறிவிட்டது" என்று சொல்லும். ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச மென்பொருளைக் கோடெக்கில் ஏற்றினால் இதை அமைப்புக் கோப்பு ஒன்றில் மாற்றிக்கொள்ளலாம். நாலாவது பென்டிரைவ். அசல் மென்பொருளில் பென்டிரைவை அதற்கான நிரலால் நூறு அல்லது ஆயிரம் அறைகளாகப் பிரித்த பிறகுதான் அது படிக்கும். ஃபிளாஷ்ஃபிளாப்பியில் அந்தத் தொல்லை இல்லை, இமேஜ் கோப்புகளை அப்படியே போட்டால் போதும்.

இன்னொன்று எந்தக் கையேட்டிலும் இருக்காது. மெஷின் ஓடும்போது ஷெட்டே அதிரும். நீளமான பென்டிரைவ் ஆடி ஆடி இணைப்பு விடும், டிசைன் பாதியில் நிற்கும், பழி கோடெக் மேல் விழும். விரல் நகம் அளவு உள்ள குட்டி பென்டிரைவ் வாங்கிச் செருகுங்கள்.

கழற்றிய பழைய டிரைவைத் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு போட்டு, எந்த மெஷினிலிருந்து எடுத்தது, ஜம்பர் எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டுங்கள். இமேஜ் எடுக்காத ஒரு டிஸ்க் என்றைக்காவது ஒரு மேஜை இழுப்பறையிலிருந்து வெளியே வரும்.